வலது கால் குணமான வரலாறு

சவுரிராயனுக்குக் கால் ஒடிந்தது, கால் ஒடிந்தவராக நடிக்கப் போன இடத்தில்.

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் அவர் மூட்டை தூக்குகிறவர். நாற்பது தாண்டிய ஆள். மண்டியில் அவர் அளவுக்கு மூட்டையைக் குலுங்காமல் லாரியில் ஏற்ற வேறு ஆள் இல்லை என்று வியாபாரிகளே சொல்வார்கள். அன்றைக்கு மண்டிக்கு வரத்து இல்லை. தூக்குகிறவர்கள் எல்லோரும் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது வேங்கடேசன் வேனோடு வந்து நின்றான்.

வேங்கடேசனுக்கு ஆள் சேர்ப்பதுதான் தொழில். கட்சிக் கூட்டம், கடை திறப்பு, மாலை போட ஆளில்லாத சாவு, எதுவானாலும் சொன்ன நேரத்துக்கு ஜனத்தை இறக்கிவிடுவான்.

"இன்னிக்கு கூட்டம் கெடையாது. ஆஸ்பத்திரி. சும்மா போய்ப் படுத்துக்கினு வரணும். கூலியும் உண்டு, பிரியாணியும் உண்டு" என்றான்.

"படுக்கிறதுக்குக் கூலியா?" என்றார் சவுரிராயன்.

"ஏண்ணே, இன்னும் எத்தினி நாளைக்கு நின்னுக்கினே சம்பாதிப்ப?"

நியாயமாகத்தான் பட்டது. சவுரிராயன் ஏறினார். அவரோடு எப்போதும் ஜோடி போட்டு மூட்டை பிடிக்கும் மணிமாறனுக்கு அன்றைக்கு மாமியார் வீட்டில் காரியம் இருந்தது. அதனால் அவன் தப்பித்தான்.

விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையில் பாதி வழியில், வயலுக்கு நடுவே, கண்ணாடி வைத்த ஆறு மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. வெள்ளையம்மாள் நினைவு மருத்துவக் கல்லூரி. தாளாளர் சுப்பராயலு தன் தாயார் பெயரில் கட்டியது. மாணவர்கள் இருந்தார்கள், பேராசிரியர்கள் இருந்தார்கள், நீரூற்று இருந்தது. நோயாளிகள் மட்டும் அங்கே போகும் வழக்கம் ஏனோ ஏற்படவில்லை. அந்தக் கல்லூரி மருத்துவமனையில் இதுவரை ஒரு நோயாளிகூட இறந்ததில்லை என்று தாளாளர் மேடைதோறும் சொல்வார். அது முழு உண்மை.

ஆய்வுக் குழு வருகிற நாளில் மட்டும் நோயாளிகள் தேவைப்பட்டார்கள். கட்டிலில் ஆள் இல்லாவிட்டால் அங்கீகாரம் கிடைக்காது.

வேனிலிருந்து இறங்கியவர்களை வரிசையில் நிறுத்தினார்கள். கலைப்பிரியா என்கிற இளம் டாக்டர், அங்கே எலும்பு மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறவள், ஒவ்வொருவருக்கும் ஒரு வியாதி கொடுத்துக்கொண்டு வந்தாள். சவுரிராயனுக்கு முன்னால் நின்றவருக்கு இடுப்பு கிடைத்தது.

"உங்களுக்கு முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிவு. வலது கால்" என்றாள்.

"எப்பிடி ஒடிஞ்சிதுன்னு கேட்டா இன்னா சொல்றதும்மா?"

"பைக்ல இருந்து விழுந்தேன்னு சொல்லுங்க."

"எனக்கு பைக் கெடையாதே."

கலைப்பிரியா ஒரு கணம் யோசித்தாள். "சைக்கிள்" என்று திருத்தினாள்.

வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டார்கள். சவுரிராயனுக்கு அது புது அனுபவம். காலைத் தட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். தள்ளுவண்டியில் படுக்கவைத்து நான்காவது மாடிக்குச் சாய்தளத்தில் ஏற்றினார்கள். லிஃப்டைத் தாளாளருக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆய்வுக் குழு வருகிறதென்று அந்தச் சாய்தளத்தை அப்போதுதான் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். தள்ளுகிற ஆளும் வேங்கடேசன் கொண்டுவந்தவன்தான், அவனுக்குத் தள்ளிப் பழக்கமில்லை. மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவன் கால் வழுக்கியது. வண்டி வந்த வழியே இறங்கியது. சவுரிராயன் மல்லாந்தபடி, ஒவ்வொரு மாடியாகக் கூரை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கீழே வந்து, முன் மண்டபத்தில் இருந்த வெள்ளையம்மாள் சிலையின் பீடத்தில் போய் மோதினார். வண்டிக்கும் பீடத்துக்கும் நடுவில் அவருடைய இடது கால் இருந்தது.

பச்சை மூங்கில் பிளப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"அய்யோ, எங்காலு! மாதாவே, எங்காலு போச்சே!"

அதே நேரத்தில் ஆய்வுக் குழுவின் கார் வாசலில் வந்து நின்றது. தாளாளர் மாலையோடு ஓடி வந்தார். தரையில் கிடந்து புரண்டுகொண்டிருந்த ஆளைப் பார்த்து நின்றார். முகம் மலர்ந்தது.

"இந்த ஆள் ரொம்ப நல்லாப் பண்றான். இவனை முதல் கட்டில்ல போடுங்க" என்று பக்கத்தில் நின்ற ஊழியரின் காதோடு சொன்னார்.

முதல் கட்டில் எலும்பியல் அடிப்படை அறிவியல் துறையைச் சேர்ந்தது. கல்லூரியின் பெருமையே அந்தத் துறைதான். எலும்பு ஏன் ஒடிகிறது, எப்படிக் கூடுகிறது, எவ்வளவு பாரம் தாங்கும், எந்தப் பக்கம் இழுபடும், எந்தப் பக்கம் அமுங்கும் என்பதையெல்லாம் அங்கே வண்ணப் படங்களாக எழுதி மாட்டியிருந்தார்கள். துறைத் தலைவர் டாக்டர் இனியவன். வெளிநாட்டில் படித்தவர். கருத்தரங்குகளில் அவர் பேச எழுந்தால் மூத்த டாக்டர்கள்கூட எழுதிக்கொள்வார்கள். நோயாளிகளைத் தொட்டால் கொள்கை கலங்கிவிடும் என்பது அவருடைய கருத்து.

ஆய்வுக் குழுவில் இரண்டு பேர். மற்ற கட்டில்களில் படுத்திருந்தவர்கள் முனகியது அவர்களுக்கே திருப்தியாக இல்லை. இடுப்பு ஒடிந்தவர் எழுந்து நின்று வணக்கம் வைத்துவிட்டார். முதல் கட்டிலுக்கு வந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். சவுரிராயனின் முகம் வேர்த்து, உதடு வெளுத்து, கண் செருகிக்கொண்டிருந்தது.

"சார், இந்தக் காலு சார். எடது காலு. இப்பத்தான் ஒடிஞ்சிச்சு. தண்ணி குடுங்க சார்" என்றார்.

குழுவில் மூத்தவர் வலது காலின் மாவுக்கட்டைப் பார்த்தார், பிறகு இனியவனைப் பார்த்தார்.

இனியவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கவனிக்கணும் சார். முறிவு வலது காலில். நோயாளி காட்டுவது இடது காலை. ஏன்? வலியைச் சுமந்து போகும் நரம்புகள் தண்டுவடத்தில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் கடக்கின்றன. இது முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கடத்தலை இவ்வளவு தெளிவாக அனுபவிக்கிற நோயாளி ஆயிரத்தில் ஒருவர். மற்ற கல்லூரிகளில் இப்படியொரு ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்."

"பார்த்ததில்லை" என்று மூத்தவர் ஒப்புக்கொண்டார். "எலும்பு கூடுகிற சமயத்தில் திரும்ப வந்து இவரைப் பார்க்கணும். அதுவரைக்கும் இவரை இங்கேயே வைத்திருங்கள்."

சவுரிராயனின் தலையெழுத்து அந்த இடத்தில் முடிவாகிவிட்டது.

பொழுது சாயும்போது நோயாளிகள் பிரியாணிப் பொட்டலத்தோடு வேனில் ஏறினார்கள். எக்ஸ்ரே மெஷினை லாரியில் ஏற்றினார்கள். அதுவும் வாடகைதான். வேங்கடேசன் திண்டிவனத்தில் இறங்கி, சவுரிராயன் வீட்டுக்குப் போய், அவருடைய மனைவி அமலாவிடம் பொட்டலத்தைக் கொடுத்தான்.

"அண்ணனை அங்கயே வெச்சிக்கினாங்க. அவ்வளோ நல்லா நடிச்சிட்டாரு."

அமலா பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிறவள். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியதில் தன் புருஷன் நடித்து அவள் பார்த்ததே இல்லை. பொய் சொன்னால் காது சிவந்துவிடும் ஆள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனாள்.

காலியான வார்டில், வரிசையாக விரித்த கட்டில்களுக்கு நடுவே, அவர் ஒருவர் மட்டும் படுத்திருந்தார். மாவுக்கட்டு போட்ட வலது காலைத் தலையணை வைத்து உயர்த்திக் கட்டியிருந்தார்கள். இடது கால் கீழே, துணிகூடப் போடாமல், வீங்கி நீலம் பூத்துக் கிடந்தது.

"இன்னாய்யா இது!"

"ஒடிஞ்சிப் போச்சு அமலா. சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேன்றான்."

அமலா கலைப்பிரியாவைத் தேடிப் பிடித்தாள். அந்தப் பெண் இடது காலைப் பார்த்தாள். பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெரியுதுக்கா. எனக்கு நேத்தே தெரியும். ஆனா முறிவு வலதுலன்னு ஹெச்.ஓ.டி. முடிவு பண்ணிட்டார். அவர் சொல்லாம நான் ஒரு துணி சுத்தினாக்கூட என்னைப் பரிட்சையில உக்கார விட மாட்டார்."

"நீ டாக்டரா இல்லியா?"

"இன்னும் முடிக்கலக்கா" என்றாள் கலைப்பிரியா.

அமலா இனியவனின் அறைக்குப் போனாள். மேசையில் ஒரு தொடை எலும்பு, கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் துணியில் படுத்திருந்தது. அதற்குத் தனியாக ஒரு விளக்கு.

"சார், எங்க வூட்டுக்காரருக்கு ஒடிஞ்சது எடது காலு சார். கட்டு போட்டிருக்கிறது வலது காலுல."

"உக்காருங்கம்மா. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது."

"நான் எலும்பை மட்டுமே இருபத்தேழு வருஷமாப் படிக்கிறேன்."

"படிங்க சார், வாணான்னு சொல்லல. ஒருவாட்டி வந்து காலைப் பாருங்க."

இனியவன் பொறுமையாகச் சிரித்தார். கோபப்படுவது அவருக்குப் பிடிக்காது. "அம்மா, எந்த ஆராய்ச்சிக்கும் ரெண்டு பக்கம் வேணும். ஒண்ணு, பாதிக்கப்பட்ட பக்கம். இன்னொண்ணு, அதோட ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு ஒரு நல்ல பக்கம். உங்க கணவரோட இடது கால்தான் எங்களுக்கு ஒப்பீட்டுக் கால். அது நல்லா இருந்தே ஆகணும். அதுவும் ஒடிஞ்சிருக்குன்னு நான் ஒத்துக்கிட்டா, நாளைக்கு எதோட எதை ஒப்பிடுவேன்?"

"அது வீங்கி வெடிக்கிற மாதிரி இருக்குது சார்!"

"ஒப்பீட்டுக் கால் கொஞ்சம் பருமனா இருக்கிறது வழக்கம்தான். பக்கத்துக் கால் ஓய்வில் இருக்கும்போது எல்லாப் பாரமும் இதுக்கு வருதில்லையா?"

"படுத்துக்கினு கிடக்கிற ஆளுக்கு இன்னா சார் பாரம்?"

இனியவன் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற காவலாளி அமலாவின் தோளைத் தொடாமல், ஆனால் தொட்டுவிடுகிற தூரத்தில் நின்று, அவளை லிஃப்ட் வரை நடத்திக்கொண்டு போனான்.

புருஷனைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அமலா சொன்னாள். துறைத் தலைவர் கையெழுத்து இல்லாமல் நோயாளியை அனுப்ப முடியாது என்றார்கள். ஒரே ஒரு நோயாளி இருக்கிற ஆஸ்பத்திரி அவரை எப்படி விடும்? அவள் அழவில்லை. மணிமாறனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சவுரிராயனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். மணிமாறன் இன்னும் மாமியார் ஊரிலிருந்து திரும்பவில்லை. அவனுடைய போனும் எடுபடவில்லை.

இதற்குள் இனியவன் மாணவர்களுக்கு ஒரு செய்முறை வகுப்பு ஏற்பாடு செய்துவிட்டார். கல்லூரியில் நிஜ நோயாளி தங்கியிருப்பது அபூர்வம், அந்த வாய்ப்பை வீணாக்கக் கூடாதல்லவா? சவுரிராயனைச் சக்கர நாற்காலியில் வைத்து அரங்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். முன்வரிசையில் தாளாளர் உட்கார்ந்திருந்தார்.

"எலும்பு என்பது கல் அல்ல" என்று இனியவன் ஆரம்பித்தார். குரல் இனிமையாக இருந்தது. "அது உயிருள்ள பொருள். பாரம் கொடுத்தால் வலுக்கும். பாரம் இல்லாவிட்டால் கரையும். விண்வெளிக்குப் போகிறவர்களின் எலும்பு ஏன் தேய்கிறது? அங்கே பாரமே இல்லை. எங்கே பாரம் விழுகிறதோ அங்கே எலும்பு தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது. இந்த நோயாளியை நாம் என்ன செய்யவேண்டும்? முறிந்த வலது காலுக்கு முழு ஓய்வு. நல்ல காலான இடது காலுக்கு முழுப் பாரம். சவுரிராயன், எழுந்து இடது காலில் நில்லுங்கள்."

"வாணாம் சார். அதுதான் சார் ஒடிஞ்ச காலு. உங்க காலுல வுழறேன்."

"பயம் இயல்புதான்" என்றார் இனியவன், மாணவர்களைப் பார்த்து.

இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். பிறகு கையை எடுத்தார்கள். சவுரிராயன் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வரவில்லை. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், முட்டியே இல்லாத இடத்தில், அவருடைய கால் மடங்கியது. ஒரு பக்கமாக, மெதுவாக, சாய்ந்தார்.

ஒரு மாணவன் பேனாவைக் கீழே போட்டான்.

"பார்த்தீர்களா!" என்றார் இனியவன். "எலும்பு வளையாது என்று நினைக்கிறோம். வளையும். தகைவு, அதாவது உள்ளே ஏறும் அழுத்தம், ஒரு எல்லையைத் தாண்டும்போது திரிபு, அதாவது உருமாற்றம், எப்படி வருகிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் கோடாகத்தான் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு நேரில் பார்த்தீர்கள்."

தாளாளர் முதலில் கை தட்டினார். அவர் தட்டினால் மற்றவர்கள் தட்டாமல் இருக்கிற வழக்கம் அந்தக் கல்லூரியில் இல்லை.

கலைப்பிரியா மட்டும் கைதட்டல் ஓய்வதற்குள் எழுந்து வெளியே போனாள். கழிவறைக்குள் நின்று அமலாவுக்குப் போன் செய்தாள். "அக்கா, கூட்டினு போயிடுங்க. கையெழுத்து, கிய்யெழுத்து எதுக்கும் நிக்காதீங்க. ஜல்தியா வாங்க" என்று சொன்னாள்.

அன்றைக்கு மணிமாறன் மண்டிக்குத் திரும்பியிருந்தான். அமலா சொல்லி முடிப்பதற்குள் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள், ஒரு குட்டியானை வண்டியும் தயாராகிவிட்டது. கல்லூரி வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"யாரு நீங்க? இன்னா விஷயமா வந்தீங்க?"

"நோயாளிங்க" என்றான் மணிமாறன். "வைத்தியம் பாத்துக்க வந்தோம்."

"யாரு அனுப்புனது? வேங்கடேசனா?"

"இல்ல. நாங்களாத்தான் வந்தோம்."

வேன் வைத்துக் கொண்டுவராமல், தாமாகவே, நோயாளிகள் நடந்து வந்ததை அந்தக் காவலாளி அதுவரை கண்டதில்லை. பதறிப்போய்க் கதவை அகலத் திறந்தான். சல்யூட்கூட வைத்தான்.

வார்டில் சவுரிராயன் கண்ணை மூடிக் கிடந்தார். அமலா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து, கட்டில் தலைமாட்டில் தொங்கிய சின்னப் பலகையை வைத்து இடது காலைக் கட்டினாள். மணிமாறன் தலைப்பக்கம் பிடித்தான். குலுங்காமல் தூக்கினார்கள். வாசலில் காவலாளி மறுபடி வந்தான்.

"எங்க எடுத்துக்கினு போறீங்க?"

"எக்ஸ்ரேவுக்கு."

"எக்ஸ்ரே மெஷின் இங்க கெடையாதே?"

"அதான் வெளிய எடுத்துக்கினு போறோம்."

காவலாளி யோசித்துப் பார்த்தான். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர்களுக்கு நடுவில் சவுரிராயனைக் கிடத்தினார்கள். தூக்கமில்லாத கண்ணோடு ஒரு டாக்டர் வந்து குனிந்து பார்த்தார்.

"இவ்ளோ நாள் எங்கய்யா இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரியிலதாங்க" என்றாள் அமலா.

வலது காலின் மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். உள்ளே ஒரு கீறல்கூட இல்லாத கால் இருந்தது. "இது எதுக்கு?" என்றார் டாக்டர். இடது காலைத் திறந்து கம்பி வைத்தார்கள். நிற்கவைத்ததில் எலும்பு நொறுங்கி, ஒரு நரம்பும் நசுங்கியிருந்தது. கால் தப்பியது. ஆனால் குட்டையாகிப் போனது. பாதம் தூக்க வரவில்லை, இழுத்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது சவுரிராயன் தலையாட்டினார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அமலா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், துண்டை எடுக்கச் சொல்லவில்லை.

கல்லூரிக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆய்வுக் குழு திரும்ப வந்தபோது வேங்கடேசன் சவுரிராயனுக்குப் பதிலாக வேறொரு ஆளைக் கொண்டுவந்தான். அந்த ஆளுடைய வலது காலை எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார்கள். எலும்பு கூடியது மட்டுமல்ல, முறிவு இருந்த தடமே இல்லை. அங்கீகாரம் கிடைத்தது. இனியவன் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். தடமில்லாமல் எலும்பு கூடுவது எப்படி என்று அதில் விளக்கியிருந்தார்.

பிறகு ஒரு நாள் வேங்கடேசன் சவுரிராயன் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான்.

"விழுப்புரத்துல பெரிய கல்யாண மண்டபத்துல மாநாடு நடத்துறாங்க. எலும்பு பத்தி. அண்ணன் வந்து மேடையில நின்னாப் போதும், ஒண்ணும் பேச வாணாம். வந்தா காலேஜ் கேட்டுல வாட்ச்மேன் வேலை போட்டுத் தர்றாங்களாம். நிரந்தரம்."

அவன் போன பிறகு அமலா அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள். "போவியா?"

"உக்காந்துக்கினே பாக்கிற வேலை. இந்தக் காலுக்கு வேற எவன் குடுப்பான்?"

"அவனுங்க குடுக்கிற சோறு உனக்கு எறங்குமா?"

"எறங்கலன்னாலும் துன்னுதான் ஆவணும் அமலா. உன் ஒருத்தி சம்பாத்தியத்துல எத்தினி நாளைக்கு?"

மாநாட்டன்று அவரோடு அவளும் புறப்பட்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. நாடெங்கிலுமிருந்து வந்த எலும்பு மருத்துவர்கள் என்று வாசலில் எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு அட்டை, கையில் ஒரு பை. மேடையில் ஏறிய சவுரிராயன் கூட்டத்தைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் மணிமாறன் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் 'டாக்டர்' என்று அட்டை தொங்கியது. அவனுக்குப் பக்கத்தில் மண்டி ஆட்கள். அதற்குப் பின்னால் விழுப்புரம் மார்க்கெட் ஆட்கள். வேங்கடேசன் இடம் சொல்லாமல், இஸ்திரி போட்ட சட்டையோடு வரச்சொல்லி ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். சவுரிராயனைப் பார்த்ததும் மணிமாறன் எழுந்தேவிட்டான். பக்கத்தில் இருந்தவன் இழுத்து உட்காரவைத்தான்.

தாளாளர் சுப்பராயலு மைக்கைப் பிடித்தார். "நோயாளி வருவான், போவான். எலும்புகூட ஒடியலாம். கொள்கை ஒடியக் கூடாது! எங்கள் கல்லூரிக்கு வருகிற மாணவன் நோயாளியைப் பார்க்காமலேயே மருத்துவனாக வெளியே போகிறான் என்று பொறாமைக்காரர்கள் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், கடலைப் பார்க்காதவன் கடலைப் பற்றிப் படிக்கக் கூடாதா? கட்டணம் கட்டக் கூடாதா?"

கைதட்டல் எழுந்தது. எப்போது தட்டவேண்டும் என்று வேங்கடேசன் ஓரத்தில் நின்று கைக்குட்டையை ஆட்டிக் காட்டினான்.

அடுத்து இனியவன். சவுரிராயனை நடக்கச் சொன்னார். மேடையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, இடது பாதத்தை இழுத்துக்கொண்டு, அவர் நடந்தார்.

"மருத்துவ நண்பர்களே! இவருக்கு ஒரு காலில் முறிவு ஏற்பட்டது. எந்தக் காலில் என்று நடையைப் பார்த்துச் சொல்லுங்கள், பார்க்கலாம்."

"எடது காலு!" என்றான் மணிமாறன், எழுந்து.

இனியவன் மகிழ்ந்துபோனார். "இதைத்தான் எதிர்பார்த்தேன் டாக்டர்! எல்லோரும் இப்படித்தான் ஏமாறுவார்கள். முறிந்தது வலது கால். அதோ, தூண்போல் நிற்கிறது. ஒருபோதும் முறியாத இடது கால்தான் நொண்டுகிறது. நாங்கள் வைத்தியம் செய்த கால், கடவுள் கொடுத்த காலைவிட வலுவாகிவிட்டது. இதைவிடச் சான்று வேண்டுமா? சவுரிராயன், இப்போது இடது காலில் மட்டும் நின்று அதன் பலவீனத்தைக் காட்டுங்கள்."

சவுரிராயன் நின்றார். கீழே ஓரத்தில் நின்ற அமலாவைப் பார்த்தார். அவள் தலையை அசைக்கவில்லை, எதுவும் செய்யவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்க மாட்டேன்" என்றார்.

"என்ன?"

"நிக்க மாட்டேன் சார். ஒருவாட்டி நிக்க வெச்சீங்க. அதுலதான் போச்சு எம் பொழப்பு. உங்க வேலையும் வாணாம், ஒண்ணும் வாணாம்." இனியவன் கையிலிருந்த மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. "வலது காலுல எனக்கு ஒரு முள்ளு குத்துனதுகூடக் கெடையாது. உங்க ஆஸ்பத்திரிலதான் எடது காலு ஒடிஞ்சிது. நீங்கதான் ஒடச்சீங்க."

"கேள்விகளைக் கடைசியில் எடுத்துக்கொள்வோம்" என்றார் இனியவன்.

மணிமாறன் அதற்குள் வரிசையைத் தாண்டியிருந்தான். "யோவ், அந்தாளை நான்தான்யா தூக்கினு போனேன்! எந்தக் காலுன்னு எனக்குத் தெரியாதா?" உட்காரச் சொல்லி வேங்கடேசன் கைக்குட்டையை வேகமாக ஆட்டினான். அதைக் கைதட்டச் சொல்வதாக எடுத்துக்கொண்டு பின்வரிசைகள் பலமாகக் கை தட்டின. மண்டி ஆட்கள் எழுந்தார்கள். மார்க்கெட் ஆட்கள் அவர்களைப் பார்த்து எழுந்தார்கள். மணிமாறன் மேடையேறி சவுரிராயனைத் தோளோடு அணைத்து இறக்கினான். அமலா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். நாடெங்கிலுமிருந்து வந்த மருத்துவர்கள் வாசலை நோக்கி நடந்தார்கள்.

மண்டபத்தில் நாற்காலிகள் மிஞ்சின. முன்வரிசையில் எட்டுப் பத்து நிஜ டாக்டர்கள் மிஞ்சினார்கள். அவர்களில் ஒருத்தி கலைப்பிரியா. அவள் எழுந்து, தன் கழுத்து அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, கடைசி ஆளாக வெளியேறினாள். தாளாளர், "சாப்பாடு இருக்கு, சாப்பிட்டுப் போகச் சொல்லுங்கய்யா" என்று கத்தினார். இனியவன் அடுத்த படத்தைத் திரையில் போட்டார்.

வெளியே வெயில் உச்சியில் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் அத்தனை பேரும் நின்றார்கள். சவுரிராயனை ஒரு கல்லின் மேல் உட்காரவைத்தார்கள். அவருக்கு வேலை இல்லை, கால் திரும்பவில்லை. ஆனாலும் முகம் பாரம் இறக்கியதுபோல் இருந்தது. மண்டியில் சாக்கு தைக்கிற வேலை கேட்டுப் பார்க்கலாம் என்று அமலா சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோலியனூர்ப் பக்கத்துப் பெண்மணி ஒருத்தி, கீரைக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, மணிமாறனின் கழுத்தில் தொங்கிய அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"டாக்டருங்களா? நைனா, ரொம்ப நாளா முட்டி வலி. ராத்திரியெல்லாம் ஒரே பேஜாரு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காகிதத்தைப் பாக்குறாங்க, மிசினைப் பாக்குறாங்க."

நான் டாக்டர் இல்லம்மா என்று சொல்லத்தான் மணிமாறன் வாயைத் திறந்தான். அந்தம்மாள் வலி தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதைப் பார்த்தான். அவள் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான்.

"எந்தக் காலும்மா?" என்று கேட்டான்.

அவள் சேலையை முழங்கால்வரை தூக்கி, வலிக்கிற காலை முன்னால் நீட்டினாள்.